உப்புக் காற்று – 11: குதிரை லாயத்தில் விரிசல் விட்ட தோட்டாக்கள்

சுட்ட துப்பாக்கியின் குழலுக்குள்ளேயே உப்பு பிறக்கிறது, அதை எண்ணெய் கரைக்காது, கொதிநீர்தான் கரைக்கும் என்ற இடத்தில் போன வாரம் நின்றது. விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். திரும்பச் சொல்ல இடமில்லை.

இந்த வாரத்துக்கு வாக்களித்தது துல்லியம். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, மறுபடி கேப்பும் (ஊசி தட்டினால் பற்றி மருந்தை மூட்டும் சிறு மூடி) மருந்தும் குண்டும் வைத்துச் சுடும் ரீலோடிங் கலையில், சின்ன விட்டமுள்ள ரைஃபிள் தோட்டாக்கள் எப்படி ஒரே துளையில் போய் விழுகின்றன என்ற கதை. அந்தக் கதைக்குப் போகும் வழியில் ஒரு குதிரை லாயம் குறுக்கே நிற்கிறது. மரக்காணத்து உப்பளத்தில் ஒரு மழைக்காலத்தைப் பார்த்த எவருக்கும் அதைத் தாண்டிப் போக மனம் வராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்குப் பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வருகின்றன. வரும்போது ஒரு குறையும் இல்லை. கோடை முழுக்க அப்படியே இருக்கின்றன. மழைக்காலம் வந்து போன பிறகு பெட்டியைத் திறந்தால் பித்தளைக் கூட்டின் கழுத்தில் நீளவாக்கில் விரிசல். யாரும் சுடவில்லை, கீழே போடவில்லை, சுத்தியலால் தட்டவில்லை. பெட்டிக்குள் சும்மா கிடந்த உலோகம் தானாகப் பிளந்திருக்கிறது. மழைப் பருவத்தில் வருவதால் ஆங்கிலேயர் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தார்களே தவிர, காரணம் பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின.

பழி முதலில் ஈரத்தின் மேல்தான் விழும். ஆனால் ஈரம் மட்டும் பித்தளையைப் பிளக்குமானால் மரக்காணத்திலிருந்து வேதாரண்யம் வரை ஒரு வீட்டிலும் பித்தளைக் குடம் மிஞ்சியிருக்காது. விடை தோட்டா வைத்த இடத்தில் இருந்தது. மழைக்காலத்தில் படைகள் முகாமுக்குள் அடங்கும்போது, கூரை போட்ட காய்ந்த இடம் என்று தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கினார்கள். குதிரையின் சிறுநீரில் யூரியா இருக்கிறது. தரையில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை உடைக்கின்றன. அதிலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. விடியற்காலையில் மூடிய மாட்டுத் தொழுவத்தின் கதவைத் திறந்தவுடன் கண்ணை எரிக்குமே, அதே வாயுதான். மழைக்காலத்தில் லாயம் மூடியே கிடக்கும், காற்று நகராது, பித்தளையின் மேல் ஈரம் படிந்திருக்கும். அந்த ஈரத்தில் அம்மோனியா கரைந்து வேலையைத் தொடங்கியது.

மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921-ல் இதை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இது. பித்தளை தானாக வெடிக்க இரண்டு தரப்பும் ஒத்துழைக்க வேண்டும். வெளியிலிருந்து ஈரத்தோடு கலந்த அம்மோனியா வர வேண்டும். உள்ளே, உலோகம் ஏற்கெனவே இழுபட்டு இறுகிய நிலையில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விரிசல் இல்லை. உள் இறுக்கம் இல்லாத பித்தளையை அம்மோனியா கறைப்படுத்தும், அரிக்கும், பிளக்காது. இறுக்கம் உள்ள பித்தளை நல்ல காற்றில் நூறாண்டு கிடந்தாலும் கிடக்கும்.

அம்மோனியா செம்பைத்தான் தேடிப் பிடிக்கிறது. செம்பு அணுவைச் சுற்றி நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் சேர்ந்து ஆழ்ந்த நீல நிறச் சேர்மம் ஆகின்றன. உலோகம் என்பது ஒரே கட்டி அல்ல. கண்ணுக்குத் தெரியாத பரல்கள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். அந்தப் பரல்களின் எல்லைக் கோடுகள் வழியாக அரிப்பு உள்ளே நுழைகிறது. ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் உலோகம், எல்லையில் சிறு பிளவு கிடைத்ததும் அங்கே விட்டுக்கொடுக்கிறது. புதிதாகத் திறந்த இடத்தில் மறுபடி அம்மோனியா, மறுபடி பிளவு. உடைந்த கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் கழுத்து சற்றும் நசுங்கியிருக்காது, வளைந்திருக்காது. விளிம்பிலிருந்து, கழுத்துக்குக் கீழே கூடு விரியும் தோளை நோக்கி மயிரிழைபோல ஒரு கோடு மட்டும் இறங்கியிருக்கும். நகத்தை அதன் குறுக்கே ஓட்டினால் தட்டும்.

அந்த உள் இறுக்கம் எங்கிருந்து வந்தது?

தோட்டாக் கூட்டுக்கான பித்தளை நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவைபோல அறுந்துவிடாமல் இழுபடக்கூடியது பித்தளைகளில் வேறில்லை. தகட்டிலிருந்து வட்ட வில்லையை வெட்டி, அதை அமுக்கிக் குவளையாக்கி, குவளையை அச்சுகளின் வழியே மறுபடி மறுபடி இழுத்து நீளமாக்குகிறார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் சுவர் மெலிகிறது, பித்தளை விறைக்கிறது. ஓர் அளவுக்கு மேல் விறைத்ததை இழுத்தால் கிழியும் என்பதால் இடையிடையே உலையில் காய்ச்சி இளக்குகிறார்கள். கடைசியில் கழுத்தைச் சுருக்கி, குண்டைச் செருகி, கூட்டோடு இறுக்கிவிடுகிறார்கள். சுருக்கியதில் ஓர் இறுக்கம். தன்னைவிடச் சற்றே பெரிய குண்டைக் கவ்விக்கொண்டிருப்பதில் இன்னோர் இறுக்கம். லாயத்துப் பெட்டிகளில் கழுத்தே வெடித்ததற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

தீர்வும் அதே ஆய்விலிருந்து வந்தது: கழுத்தை முடிவாக ஒருமுறை காய்ச்சி இறுக்கத்தைப் போக்கிவிடு, தோட்டாவை லாயத்துப் பக்கம் கொண்டுபோகாதே. இன்றும் ராணுவத் தோட்டாக்களின் கழுத்திலும் தோளிலும் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு சூட்டுக் கறை இருப்பதைப் பார்க்கலாம். துருவென்றோ பழையதென்றோ நினைத்து ஒதுக்குபவர்கள் உண்டு. கழுத்தைக் காய்ச்சிய அடையாளம் அது. ராணுவம் அதை வேண்டுமென்றே துடைக்காமல் விடுகிறது. கடையில் விற்கும் தோட்டாக்களிலும் கழுத்தைக் காய்ச்சுகிறார்கள், பளபளப்புக்காக மெருகேற்றிக் கறையை எடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இறுக்கம் போனதா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனையும் உண்டு. பாதரச நைட்ரேட் கரைசலில் பித்தளைப் பொருளை முக்கி எடுப்பார்கள். உள்ளே இறுக்கம் மிஞ்சியிருந்தால் சற்று நேரத்தில் கண்ணெதிரே வெடிக்கும். பாதரசம் பித்தளைக்கு எப்பேர்ப்பட்ட எதிரி என்பதற்கும் இதுவே சாட்சி. அதற்கு இன்னும் சற்று நேரத்தில் வந்தாக வேண்டும்.

இப்போது மரக்காணம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபக்கமும் பாத்திகளும் வரப்புகளும் பரந்து கிடக்கும் இந்த ஊரில் தோட்டாவை மறுபடி நிரப்புபவர் யாரும் இல்லை. ஆனால் பித்தளை எப்படிச் சாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடசாலை கிடைக்காது. உப்புக் காற்றைப் பற்றிப் பத்து வாரமாக எழுதியும் தீராத விஷயம், உப்பு எப்போது நீராகிறது என்பது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால்தான் தானாக நீர்க்கும். குழலுக்குள் பிறக்கும் பொட்டாசியம் குளோரைடுக்கு 84 வரை வேண்டும். கடல் உப்போடு கூடவே வரும் மக்னீசியம் குளோரைடுக்கு வெறும் 33 போதும். மரக்காணத்துக் கரையில் உச்சி வெயிலில்கூட ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அரிது. ஆகவே கடல்காற்று கொண்டுவந்து உலோகத்தின் மேல் அப்பிய உப்பு எந்நேரமும் ஈரமாகவே இருக்கிறது. புதிதாக வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து நீர் வடிய விடுவதும் இந்த மக்னீசியத்தை வெளியேற்றத்தான். வடியாத உப்பு மூட்டையில் கட்டினாலும் கசிந்துகொண்டே இருக்கும்.

உப்பு பித்தளையை அம்மோனியாவைப் போல வெடிக்க வைப்பதில்லை. அது வேறு வழியில் வேலை செய்கிறது: துத்தநாகத்தை மட்டும் மெல்லக் கரைத்து எடுத்துக்கொண்டு, செம்பைச் சல்லடையாக விட்டுவிடுகிறது. மஞ்சளாக இருந்த இடம் இளஞ்சிவப்பாக மாறினால் அங்கே வலு போய்விட்டது என்று பொருள். கடல்நீர் ஓடும் கப்பல் குழாய்களில் இந்தத் தொல்லை வந்தபோது நூற்றுக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்துப் பார்த்தார்கள், பலன் கிடைத்தது. அட்மிரல்டி பித்தளை என்று அதற்குப் பெயர். தோட்டாக் கூட்டில் அந்தச் சலுகை கிடையாது. தவிரவும், ஓயாமல் ஈரமாக இருக்கும் அந்த உப்புப் படலம் பக்கத்தில் கிளம்பும் எந்த அம்மோனியாவையும் கரைத்து வைத்துக்கொள்ளும். கடலோரத்தில் அம்மோனியாவுக்குக் குதிரை வேண்டுமா என்ன? ஆட்டுப் பட்டி இருக்கிறது, கோழிக் கொட்டகை இருக்கிறது, அழுகும் மீன் இருக்கிறது, யூரியா மூட்டை அடுக்கிய கொட்டகை இருக்கிறது.

வீட்டில் இருக்கும் பித்தளையை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்ப்பு. உருக்கி ஊற்றி ஆறவிட்டது. உள் இறுக்கம் மிகக் குறைவு. அது கறுக்கும், பச்சை பிடிக்கும், கழுத்தில் பிளந்ததாகக் கேட்பது அபூர்வம். தகட்டைத் தட்டியும் அமுக்கியும் செய்த குடம் அப்படியல்ல. தொழுவத்தை ஒட்டிய திண்ணையில் வருடக்கணக்கில் கவிழ்த்து வைத்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் ஒருநாள் திடீரென்று ஒழுகினால், அடித்தவர் யார் என்று பிள்ளைகளை விசாரிக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருக்கும் செம்புக் குடம் தப்பிவிடும். துத்தநாகம் நூற்றுக்கு 15-க்குக் கீழே போய்விட்டால் இந்த நோய் கிட்டத்தட்ட வருவதே இல்லை.

துலக்கும் விதத்திலும் நம் வீடுகள் தற்செயலாகச் சரியான பக்கம் நிற்கின்றன. புளியில் இருப்பது டார்ட்டாரிக் அமிலம். வெளிநாட்டு ரீலோடிங்காரர்கள் கூடுகளை ஊறவைப்பது நீர்த்த சிட்ரிக் அமிலத்தில். இரண்டும் ஒரே சாதி. கடையில் புட்டியில் வரும் பித்தளை மெருகு நீர் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. வாசல் கைப்பிடிக்கு அது பரவாயில்லை. தோட்டாக் கூட்டுக்கு அதைத் தடவுவது லாயத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதற்குச் சமம். புளியானாலும் சிட்ரிக்கானாலும் அதிக நேரம் ஊறினால் பித்தளை இளஞ்சிவப்பாகும், துத்தநாகம் கரைகிறது என்று அர்த்தம். ஊறவைத்தால் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும். தோல் பெல்ட்டில் தோட்டாவைச் செருகி வைக்கும் பழக்கமும் ஆகாது; தோலிலிருந்து வரும் அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். பிரிட்டிஷ் காலத்தில் ராணுவத்தின் .303 ரைஃபிள் தோட்டாக்களை மரப்பெட்டிக்குள் தகர உறை வைத்து, வாயை ஈயப் பற்றால் மூடி அனுப்பியது காரணமில்லாமல் இல்லை.

பித்தளைக் கூடு என்ற ஒன்றே வராத காலமும் இந்தக் கரையில் இருந்தது. மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்தில் கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750-ல் அது பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுக்கப்பட்டது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டைகளில் நின்ற சிப்பாயின் தோட்டா காகிதச் சுருள். பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழல் வாயில் கொட்டி, ஈயக் குண்டைக் கோலால் இடித்து இறக்க வேண்டும். நரிக்குறவர் கையில் அண்மைக்காலம் வரை இருந்த நாட்டுத் துப்பாக்கியும் இந்த வகைதான். ஒவ்வொரு வெடியும் கையால் நிரப்பிய வெடியே.

பித்தளை வந்தது 1866-ல். வூலிச்சில் எட்வர்ட் பாக்ஸர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் கூடு செய்தார். மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளுக்கும் அதே சுருட்டுக் கூடுதான். சூடான் போரில் அது சூட்டிலும் மணலிலும் சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், சிக்கிக்கொண்டு சிப்பாய்களைக் கைவிட்டது. பிறகுதான் ஒரே துண்டாக இழுத்த கூடு ராணுவத்துக்கு வந்தது. அந்த இழுப்போடு உள் இறுக்கமும் கூடவே வந்து சேர்ந்தது.

பாக்ஸர் பெயரோடு ஒட்டிய விசித்திரம் ஒன்று. அவர் அமைத்த முறையில், கேப்பின் தீ உள்ளே போகக் கூட்டின் அடியில் நடுவாக ஒரே துளை. அமெரிக்கரான ஹைரம் பெர்டன் அமைத்ததில் கேப்பைத் தாங்கும் முனை கூட்டிலேயே இருக்கும், துளை பெரும்பாலும் இரண்டு. ஆங்கிலேயர் கண்டுபிடித்ததை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்கர் கண்டுபிடித்ததை ஐரோப்பாவும் பிரிட்டிஷ் ராணுவமும் எடுத்துக்கொண்டன. ஒற்றை நடுத்துளை உள்ள கூட்டில் ஊசியை விட்டுத் தட்டினால் பழைய கேப்பு விழுந்துவிடும். இரட்டைத் துளையில் அது நடக்காது. அமெரிக்காவில் ரீலோடிங் வீட்டுத் தொழில்போலப் பரவியதற்கும், .303 கூடுகள் மலைமலையாகக் கிடந்த இந்தியாவில் அவை பழைய பித்தளையாக எடைக்குப் போனதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பாதரசம். பழைய கேப்பில் இருந்தது பாதரச ஃபல்மினேட். கரிமருந்து இருந்தவரை அது கூட்டைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. கரிமருந்து விடும் ஏராளமான கசடோடு பாதரசமும் கலந்து வெளியேறிவிடும். புகையில்லா மருந்து வந்ததும் கசடு குறைந்தது, அழுத்தம் கூடியது, பாதரச ஆவி நேராகப் பித்தளைக்குள் ஏறியது. கூடு பார்க்க ஒழுங்காக இருக்கும். மறுபடி நிரப்பிச் சுட்டால் உடையும். அமெரிக்க ராணுவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாதரசத்தை விலக்கிக் குளோரேட் கேப்புக்கு மாறியது. பித்தளை பிழைத்தது, குழல் துருப்பிடித்தது. குழலில் மிஞ்சும் பொட்டாசியம் குளோரைடுதான் குற்றவாளி என்று அமெரிக்கச் சுரங்கத் துறையின் வில்பர்ட் ஹஃப் நிறுவியது 1922-ல். லாயத்து அம்மோனியா பிடிபட்டதற்கு அடுத்த ஆண்டு! நெடுங்காலம் தனித்தனியே புகைந்துகொண்டிருந்த இரண்டு புதிர்கள் ஓராண்டு இடைவெளியில் அவிழ்ந்தன. 1920-களிலேயே ஜெர்மானியர்கள் பாதரசமும் குளோரேட்டும் இல்லாத கேப்பைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் .303 கேப்பில் பாதரசம் அதற்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது.

இனி, கூட்டின் ஆயுள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுச் சிறை. ஆகவே இங்கே சொல்வது செய்முறை அல்ல, உலோகத்தின் வரலாறு.

வெடித்த கணத்தில் கூடு பெருத்துச் சேம்பர் சுவரோடு ஒட்டுகிறது. .223 போன்ற சின்னத் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை போகும். அழுத்தம் இறங்கியதும் பித்தளை சற்றே சுருங்கிச் சுவரை விடுகிறது. அந்தச் சிறு சுருக்கம் இல்லையென்றால் கூட்டை வெளியே இழுக்கவே முடியாது. பெருத்த கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால்தான் மறுபடி குண்டைப் பிடிக்கும். பெருப்பதும் சுருக்குவதுமாக ஒவ்வொரு சுற்றிலும் கழுத்து விறைத்துக்கொண்டே போகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஓரிடத்தில் முறியுமே, அதே கதை.

இதற்கு மாற்று, தொழிற்சாலை செய்த வேலையைத் திரும்பச் செய்வது: கழுத்தையும் தோளையும் மட்டும் சுடரில் காட்டி இளக்குவது. பழைய முறை எளிமையானது. கூடுகளைப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தி, கழுத்தில் சுடர் காட்டி, உடனே தண்ணீருக்குள் சாய்ப்பார்கள். எஃகைச் சூட்டோடு நீரில் முக்கினால் விறைக்கும், பித்தளை விறைக்காது. கும்பகோணம் பக்கத்துக் கன்னார்களுக்கு இது பரம்பரைப் பாடம். தட்டித் தட்டிக் கல்லாகிப்போன தகட்டைக் காய்ச்சித் தோய்த்து மறுபடி தட்டுவார்கள். தண்ணீர் தட்டின் வேலை வேறு: அடிப்பாகம் சூடேறாமல் காப்பது. அடி இளகினால் முழு அழுத்தத்தையும் தாங்கும் இடம் பலமிழந்து, வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்பக்கமாகக் கிளம்பும். கழுத்து இளக வேண்டும், அடி விறைப்பாகவே இருக்க வேண்டும். விரல் நீளத்துக்குள் இரண்டு பதம்.

கழுத்து பிளந்தால் ஆபத்து குறைவு. கூடு குப்பைக்குப் போகும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து அடிக்குச் சற்று மேலே. தோளை அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளி அச்சிட்டால் சேம்பருக்குள் கூடு முன்னும் பின்னும் ஆட இடம் கிடைக்கிறது. வெடிக்கும்போது முன்பகுதி சுவரைப் பற்றிக்கொள்ள, அடி பின்னுக்குப் போக, நடுவில் பித்தளை நீள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மெல்லிய பளபளப்பான ஒரு வளையம் தெரியும். நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டுச் சுவரோரமாக மேலே இழுத்தால், மெலிந்த பள்ளத்தில் நுனி ஒரு கணம் தட்டுப்படும். அந்தத் தட்டல் கேட்ட கூட்டை அதன்பின் நிரப்பக் கூடாது.

.303-க்கு இந்த நோய் கூடுதல். பதுங்குகுழிச் சேற்றிலும் தோட்டா உள்ளே போக வேண்டும் என்று லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் சேம்பரைத் தாராளமாகக் குடைந்திருந்தார்கள். சிப்பாய்க்கு அது உயிர். பித்தளைக்கு அது எமன். ஒவ்வொரு முறையும் கூட்டை முழுதாக அச்சிட்டால் நாலைந்து வெடிக்குள் வளையம் தெரியும். கழுத்தை மட்டும் சுருக்கி, அதே ரைஃபிளிலேயே திரும்பத் திரும்பச் சுட்டால் பல மடங்கு வரும். உத்தரப் பிரதேசக் காவல்துறை .303-ஐ விடைகொடுத்து அனுப்பியது 2020 குடியரசு நாளில்தான். 1888-ல் பிறந்த ஒரு தோட்டாவுக்கு இது அசாத்திய ஆயுள்.

துல்லியம் இங்கேதான் உள்ளே நுழைகிறது. பித்தளையைத் தேவைக்கு மேல் ஒரு மயிரளவும் அசைக்காதே என்பதுதான் கூடு நீண்டநாள் வாழ வழி. அதுவேதான் குண்டு ஒரே இடத்தில் விழவும் வழி. இரண்டையும் தனித்தனிக் கலையாகப் பேசும் புத்தகங்கள் உண்டு. பித்தளை அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு கழுத்து விறைப்பாகவும் மறுகழுத்து இளக்கமாகவும் இருந்தால், இரண்டும் குண்டை விடும் கணமும் விசையும் வேறுபடும், வேகமும் வேறுபடும். நொடிக்கு 900 மீட்டர் போகும் சின்னக் குண்டின் வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு மாறினால் 300 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே விழும். காற்று வீசவில்லை, கை நடுங்கவில்லை. கழுத்து விறைத்த குற்றம்.

பித்தளையை அசையவிடாததே துல்லியம் என்பதை நிரூபித்தவர்கள் லூ பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற துப்பாக்கிக் கைவினைஞரும். 1975-ஐ ஒட்டி இருவரும் சேர்ந்து 6 பிபிசி என்ற குட்டைத் தோட்டாவை உருவாக்கினார்கள். மூலக்கூடு ரஷ்யாவினுடையது, அதன் தாய்க்கூடு ஏகே-47 சுடும் அதே தோட்டா. போர்க்களத்துக்குப் பிறந்ததன் பேரன், மேசைமேல் ரைஃபிளை வைத்துச் சுடும் துல்லியப் போட்டிகளில் ராஜாவாகிவிட்டது. அந்தப் போட்டியாளர்கள் பெட்டி நிறையத் தோட்டா கொண்டுவருவதில்லை. கைப்பிடி அளவு கூடுகள், அவற்றையே மைதானத்தில் உட்கார்ந்து நிரப்பி, சுட்டு, மறுபடி நிரப்பி நாள் முழுக்க ஓட்டுவார்கள். சேம்பரும் கூடும் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதால் பித்தளைக்கு அசைய இடமே இல்லை. கூடும் சாகாது, குண்டுகள் விழும் இடமும் சிதறாது.

நம் பக்கத்துப் பதக்கக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மரக்காணத்துக்குத் தெற்கே கடலூரில் 1999-ல் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது ஏர் ரைஃபிள், பித்தளையே கிடையாது. 10 மீட்டர் தூரத்தில் அவர் குறிவைக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். சென்னையில் பிறந்த ககன் நாரங் ஏர் ரைஃபிளோடு 50 மீட்டர் .22-ம் சுட்டவர், அந்த .22-ல் பித்தளை உண்டு, ஆனால் வெடிகலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைந்திருப்பதால் ஒருமுறை ஊசி நசுக்கிய பிறகு மறுபடி நிரப்ப வழியில்லை.

குண்டு கழுத்தில் கோணாமல் உட்காருவது, கழுத்துச் சுவரின் தடிப்பு ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் குண்டு எந்தப் பக்கம் சாய்கிறது, உப்புப் படிந்த கழுத்து குண்டை எப்படிப் பிடித்துக்கொள்கிறது ஆகிய மூன்றும் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபம் கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் கடல்காற்றிலும் நிறுத்திவைத்துக் கண்டதும் அங்கேதான் வரும்.